ஒரு போர்ட் வரியும் பதினொரு நாள் கணக்கும்

ஈரோட்டில் துண்டு, லுங்கி, போர்வை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஆர்டர் எழுதும் மென்பொருள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். பேசிய தொகை 45,000 ரூபாய். பேக்எண்டுக்கான, அதாவது திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதிக்கான, ஆரம்பக் கட்டமைப்பு: டாக்கர் கன்டெய்னரில் ஓடும் ஒரு வெற்றுச் சேவை, அதற்கு ஒரு டேட்டாபேஸ், இரண்டையும் ஒரே கட்டளையில் எழுப்பும் கோப்பு, இவ்வளவுக்கும் மூன்று நாள் போதும் என்று என் நோட்டில் எழுதி வைத்தேன். 19 நாள் ஆனது. அதற்குப் பிறகும் ஒரு காலைப்பொழுதில் பதினொரு நாள் ஆர்டர்கள் மொத்தமாகக் காணாமல் போயின. கடைசியில் என் கையில் நின்றது 28,500 ரூபாய். தனியாக வேலை செய்கிறவன் நான். பக்கத்து மேசையில் கேட்க ஆள் கிடையாது. யாராவது முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன் என்று அப்போது பல முறை நினைத்தேன். அந்த நான்கு வார்த்தைகளைத்தான் இப்போது எழுதுகிறேன், கூச்சத்தோடு.

கன்டெய்னர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. முந்தைய ஆண்டு வேறொருவருக்குச் செய்த வேலையில் என் லேப்டாப்பில் பைத்தான் 3.11, அவருடைய சர்வரில் 3.8. என்னிடம் ஒழுங்காக ஓடிய நிரல் அங்கே முதல் வரியிலேயே முரண்டு பிடித்தது. ஓர் இரவு முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற பேச்சுக்கே இடமில்லாமல், நிரலையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதுதான் டாக்கர் செய்யும் வேலை. கட்டி வைத்த மூட்டைக்கு இமேஜ் என்று பெயர், அதை ஓட்டினால் அது கன்டெய்னர். 2013-இல் அது வெளிவந்ததிலிருந்து பலரும் இந்த வழிக்கு மாறியதற்கு இதுவே காரணம். நானும் மாறலாம் என்று முடிவு செய்ததில் தவறில்லை. மாறிய விதத்தில்தான் தவறு.

ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து, யாரோ பெரிய மனதோடு இலவசமாகப் போட்டு வைத்திருந்த ஒரு டெம்ப்ளேட்டை, அதாவது தயார் மாதிரிக் கோப்புகளை, இறக்கினேன். பைத்தான் மொழி, அதில் சேவை எழுத ஃபாஸ்ட்ஏபிஐ, டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸ் எல்லாம் அதில் இருந்தன. கூடவே ரெடிஸ், பின்னணி வேலைகளுக்கான வரிசை, என்ஜின்எக்ஸ், கண்காணிப்புக்கு இரண்டு கன்டெய்னர், குபெர்னெட்டிஸ் கோப்புகள் ஒரு பை நிறைய. ஒரு மொத்த வியாபாரியின் கடையில் நான்கு பேர் ஆர்டர் எழுதப் போகிறார்கள். அதற்கு இத்தனை பரிவாரம். தேவையில்லாததைக் கழற்றிவிடலாம் என்று தொடங்கினால், ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று விழுந்தது. அந்த மூன்று நாள் அதிலேயே போயிற்று. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அதில் தேநீர்க் கடை போட்ட கதைதான். இன்று தொடங்குவதாக இருந்தால் வெற்று அடைவில் (ஃபோல்டரில்) இமேஜ் கட்டும் குறிப்பாக ஒரு டாக்கர்ஃபைல், கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்ப ஒரு கம்போஸ் கோப்பு, இரண்டே கன்டெய்னர் என்று தொடங்குவேன். டெம்ப்ளேட்டைப் பார்த்து எழுதலாம், ஆனால் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று வாயால் சொல்ல முடிந்தால் மட்டுமே அதை என் கோப்பில் சேர்ப்பேன். அப்படிச் சொல்ல முடியாத ஒரு வரியை நான் விட்டு வைத்தேன். அது பிறகு வருகிறது.

அடுத்த இரண்டு நாளைத் தின்றது ஆல்பைன். இமேஜின் அளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதால் ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பைத்தான் இமேஜை எடுத்தேன். எக்செல் கோப்பு ஏற்றுமதிக்கு நான் வைத்திருந்த ஒரு நூலகத்தின் பழைய பதிப்பு, நிறுவும்போது மூலநிரலிலிருந்தே தன்னைக் கட்டத் தொடங்கியது. இருபது நிமிடம் ஓடிய பிறகு, சி கம்பைலர் இல்லை என்று நின்றது. கம்பைலரைச் சேர்த்தேன், வேறு ஏதோ ஹெடர் கோப்பு இல்லை என்றது. அதையும் சேர்த்தேன். கடைசியில் ‘சிறிய’ இமேஜ் சாதாரண இமேஜைவிடப் பெரிதாகிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தில் நிற்கின்றன. ஆல்பைன் நிற்பது மசில் என்ற வேறொன்றில். முன்னதற்காகத் தயாராகக் கட்டி வைத்த பைத்தான் பொதிகள் பின்னதில் பொருந்தாது. ஆல்பைனுக்கென்று தனிப் பொதி வெளியிட்டிருந்தால் சிக்கலில்லை. என் பழைய பதிப்புக்கு அப்படி எதுவும் இல்லை. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘ஸ்லிம்’ இமேஜுக்கு மாற்றினேன், அதே நூலகம் ஒரு நிமிடத்துக்குள் அமர்ந்தது. சில எம்பி மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் செலவு.

அப்போதே இன்னொன்றையும் திருத்தியிருந்தால் அந்த இரண்டு நாள் அரை நாளாகக் குறைந்திருக்கும். என் டாக்கர்ஃபைலில் முதலில் மொத்த நிரலையும் உள்ளே நகலெடுத்துவிட்டு, அதன் பிறகு நூலகங்களை நிறுவும் வரி இருந்தது. டாக்கர் ஒவ்வொரு வரியின் விளைவையும் ஓர் அடுக்காகச் சேமித்து வைக்கும். ஓர் அடுக்கு மாறினால் அந்த வரிக்குக் கீழே உள்ள வரிகள் எல்லாவற்றையும் மறுபடி செய்யும். நான் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் நூலகங்கள் அனைத்தும் முதலிலிருந்து இறங்கின. நூலகப் பட்டியல் கோப்பை மட்டும் முதலில் நகலெடுத்து, நிறுவி முடித்து, அதன் பிறகு மீதி நிரலை நகலெடுக்க வேண்டும். இரண்டு வரியை இடம் மாற்றினால் போதும்.

சேவை எழுந்தது. கன்டெய்னர் ஓடுகிறது, லாகில் (நிகழ்வுப் பதிவில்) பிழை எதுவும் இல்லை, 8000 போர்ட்டும் (கணினியின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) திறந்திருக்கிறது, ஆனால் பிரவுசரில் இணைப்பு அறுந்தது என்ற செய்திதான் வருகிறது. ஒரு மாலை முழுக்கப் போனது. என் சேவையை ஓட்டும் யுவிகார்ன் என்ற நிரல் தானாக அமரும் முகவரி 127.0.0.1. கன்டெய்னருக்குள் அந்த முகவரிக்கு ‘இந்தக் கன்டெய்னர் மட்டும்’ என்று பொருள். உள்ளே உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது என் சேவை. 0.0.0.0 என்று கொடுத்ததும் வெளியிலிருந்து வந்த அழைப்பை எடுத்தது. இதே குழப்பத்தின் மறுபக்கம் டேட்டாபேஸ் முகவரியில் வந்தது. லேப்டாப்பில் பழகிய கையால் லோக்கல்ஹோஸ்ட், அதாவது ‘இதே கணினி’, என்று எழுதியிருந்தேன். சேவைக் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்டில் டேட்டாபேஸ் ஏது? கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸுக்கு என்ன பெயர் வைத்தோமோ அந்தப் பெயரையே முகவரியாக எழுத வேண்டும். ஒவ்வொரு கன்டெய்னரையும் தனி வீடாக மனதில் வைத்துக்கொண்ட பிறகு எனக்கு இந்த வகைப் பிழை வரவில்லை.

பிறகு வந்தது யார் முதலில் எழுவது என்ற சண்டை. சேவை டேட்டாபேஸைச் சார்ந்தது என்று கம்போஸ் கோப்பில் எழுதினால் டேட்டாபேஸ் தயாரானதும் சேவை எழும் என்று நம்பினேன். அது கன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டுமே பார்க்கும். உள்ளே போஸ்ட்கிரெஸ் பல் தேய்த்துக் குளித்து முடித்ததா என்று பார்க்காது. லேப்டாப்பில் பத்து வினாடி காத்திருக்கும்படி ஒரு வரி போட்டு ஒப்பேற்றினேன். சர்வரில் ஒரு ஜிபி நினைவகம்தான். அங்கே பத்து வினாடி போதவில்லை, சேவை எழுந்து விழுந்து எழுந்து விழுந்தது. சரியான வழி, டேட்டாபேஸுக்கு ஒரு நலச் சோதனை எழுதி, அது தேறிய பிறகே சேவை தொடங்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் முறை எழும்போது போஸ்ட்கிரெஸ் இமேஜ் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள ஒரு தற்காலிகச் சர்வரை உள்ளுக்குள் ஓட்டி, பிறகு அதை நிறுத்தி, உண்மையான சர்வரைத் தொடங்குகிறது. ‘பிஜி இஸ்ரெடி’ கட்டளையை முகவரி கொடுக்காமல் அழைத்தால் அந்தத் தற்காலிகச் சர்வரைப் பார்த்தே ‘தயார்’ என்று சொல்லிவிடும். தற்காலிகச் சர்வர் நெட்வொர்க் முகவரியில் கேட்பதில்லை; ஆகவே சோதனையில் 127.0.0.1 என்று முகவரியையும் சேர்த்துக் கேட்டால் ஏமாறாது.

இனி அந்தப் பெரிய சறுக்கலுக்கு வருகிறேன். அது ஒரு சின்ன எரிச்சலில் தொடங்கியது.

டெம்ப்ளேட்டில் டேட்டாபேஸின் பயனர் பெயரும் போஸ்ட்கிரெஸ், கடவுச்சொல்லும் போஸ்ட்கிரெஸ். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாற்றினேன். சேவை உடனே ‘கடவுச்சொல் தவறு’ என்றது. கோப்பைப் பத்து முறை பார்த்தேன், இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். மறுபடி கட்டினேன், மறுபடி தவறு. விஷயம் இதுதான்: கம்போஸ் கோப்பில் கொடுக்கும் கடவுச்சொல்லை அந்த இமேஜ் ஒரே ஒரு முறைதான் பார்க்கும், டேட்டா அடைவு காலியாக இருக்கும் முதல் நாளில். வால்யூமில், அதாவது கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்கும் இடத்தில், ஏற்கெனவே டேட்டா இருந்தால் நாம் எழுதும் புதிய கடவுச்சொல்லை அது சட்டை செய்யாது. உள்ளே போய் எஸ்கியூஎல் கட்டளையால்தான் மாற்ற வேண்டும். எனக்கு இது தெரியாது. நான் கண்டுபிடித்த குறுக்கு வழி, ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ கட்டளையோடு ‘-வி’ சேர்ப்பது. அது வால்யூமையே அழித்துவிடும். அடுத்த முறை எல்லாம் புதிதாகத் தொடங்கும். லேப்டாப்பில் அழிவதற்கு என்ன இருக்கிறது என்று வாரம் முழுக்க அதையே செய்து கை பழகிவிட்டது. சர்வரில் ஏற்றிய அன்று இரவு மணி ஒன்று. அங்கும் அதே ‘கடவுச்சொல் தவறு’. சலித்துப்போய், இப்போதைக்குப் பழைய சொல்லே இருக்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். அந்தக் காலை வரவே இல்லை. சேவை ஓடியது, கடைக்காரர் மகிழ்ந்தார், நான் மறந்தேன்.

நான் விட்டு வைத்ததாகச் சொன்ன அந்த வரி டேட்டாபேஸ் பகுதியில் இருந்தது: போர்ட்ஸ், 5432, முக்காற்புள்ளி, 5432. போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட் அது. லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸைத் திறந்து பார்க்க வசதியாக டெம்ப்ளேட்டை எழுதியவர் வைத்தது. சேவைக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே பேச்சு நடக்க அந்த வரி தேவையே இல்லை. அவை கம்போஸின் உள் நெட்வொர்க்கிலேயே பேசிக்கொள்ளும். அந்த வரியின் வேலை, வெளியுலகத்துக்குக் கதவு திறப்பது மட்டும். எனக்கு உறுத்தாமல் இருந்ததற்குக் காரணம், சர்வரில் யுஎஃப்டபிள்யூ என்ற தடுப்புச் சுவரை நான் எழுப்பியிருந்தேன். 22, 80, 443 மூன்றைத் தவிர (நான் நுழைய ஒன்று, இணையப் பக்கத்துக்கு இரண்டு) மற்றவை மூடியிருக்கின்றன என்று அதன் நிலவரம் அழகாகப் பட்டியல் போட்டுக் காட்டியது. நம்பினேன்.

டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது, லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தானே விதி எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட், யுஎஃப்டபிள்யூவின் விதிகளைச் சந்திக்கும் முன்பே கன்டெய்னர் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, புழக்கடைக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கியது போல. காவலாளி பொய் சொல்லவில்லை; அவர் கண்ணுக்கு எட்டிய வாசல் மூடித்தான் இருந்தது. இது மறைக்கப்பட்ட இரகசியமும் கிடையாது, டாக்கரின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்காதவன் நான்.

சேவை ஓடத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை காலை எட்டரை மணிக்குக் கடைக்காரரிடமிருந்து தொலைபேசி. “தம்பி, நேற்று வரைக்கும் எழுதிய ஆர்டர் எல்லாம் எங்கே?” என்றார். பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள் அண்ணா என்றேன், தூக்கக் கலக்கத்தில். பிறகு நானே திறந்தேன். பட்டியல் காலி. டேட்டாபேஸுக்குள் போனேன். என் அட்டவணைகள் ஒன்றுகூட இல்லை. இருந்தது ஒரே ஓர் அட்டவணை, அதில் ஒரே ஒரு வரி: உங்கள் டேட்டா எங்களிடம் இருக்கிறது, இவ்வளவு பிட்காயின் அனுப்பினால் திருப்பித் தருவோம். வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. என்னைப் போன்ற சின்ன ஆளை யார் தேடி வரப் போகிறார்கள் என்ற நினைப்புக்கு அங்கே வேலையில்லை. அவை ஆளைத் தேடுவதில்லை, போர்ட்டைத்தான் தேடுகின்றன. போஸ்ட்கிரெஸ், போஸ்ட்கிரெஸ் என்ற சோடி அவற்றின் முதல் யூகமாகவே இருந்திருக்கும்.

பணம் அனுப்பவில்லை. நான் அறிந்தவரை இப்படிச் செய்பவர்கள் பல நேரம் டேட்டாவை நகலெடுப்பதே இல்லை, அழித்துவிட்டுக் கேட்கிறார்கள். எதைத் திருப்பித் தருவார்கள்? பேக்கப் இருக்கிறதா என்றால், அதையும் ‘அடுத்த வாரம்’ என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். போகும் வழியில் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்: சர்வர் கம்பெனியில் கோளாறு, மின்தடை, ஏதாவது. கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த எண்ணத்தையும் விட்டுவிட்டேன். என் தவறு, கதவைத் திறந்து வைத்தேன், திருடன் வந்து அழித்துவிட்டான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். கார்பன் தாள் வைத்து எழுதிய ஆர்டர் புத்தகம். என் மென்பொருள் வந்த பிறகும், என்னிடம் சொல்லாமல், ஒவ்வொரு ஆர்டரையும் அதிலும் எழுதி வந்திருக்கிறார். “புதுசுதானே தம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தேன்” என்றார். என்னை நம்பவில்லை என்ற வருத்தம் வர வேண்டிய நேரம். எனக்கோ அந்தப் புத்தகத்தைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

மொத்தம் 212 ஆர்டர். தட்டச்சு தெரிந்த ஒருவரை வைத்து மூன்று நாளில் திரும்ப ஏற்றினோம். அவருக்கு 6,500 ரூபாய் என் கையிலிருந்து. மொத்தத் தொகையில் 10,000 ரூபாயை நானே குறைத்துக்கொண்டேன், கடைக்காரர் கேட்கவில்லை. பழைய சர்வரை அப்படியே தூக்கி எறிந்தேன். அது மிகையான பயம் கிடையாது: போஸ்ட்கிரெஸில் தலைமைப் பயனராக நுழைந்தவர் டேட்டாவைத் தொடுவதோடு நிற்க வேண்டியதில்லை, அந்தக் கன்டெய்னருக்குள் கட்டளைகளையே ஓட்ட முடியும். உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று தேடிக்கொண்டிருப்பதைவிடப் புதிய சர்வரே மேல். இங்கேதான் கன்டெய்னர் எனக்கு முதல் முறையாகக் கைகொடுத்தது. புதிய சர்வரில் டாக்கரை நிறுவி, கோப்புகளை இறக்கி, எல்லாவற்றையும் எழுப்ப 40 நிமிடம்.

அன்று செய்த மாற்றங்கள் இவை. டேட்டாபேஸின் போர்ட்ஸ் வரியை நீக்கினேன். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் சர்வரில் மட்டும் 127.0.0.1 என்ற முகவரியை முன்னால் சேர்த்து அந்தப் போர்ட்டை வெளியிட்டு, லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் டனல் என்ற மறையாக்கப்பட்ட பாதை வழியாகப் போகலாம். சர்வர் வாடகைக்கு விடுபவர்கள் பலர் தங்கள் பக்கத்தில் தனியாக ஒரு தடுப்புச் சுவர் தருகிறார்கள். டாக்கர் அதைத் தாண்ட முடியாது, அதையும் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வருக்குள் இருந்துகொண்டு ‘மூடியிருக்கிறதா’ என்று கேட்பதை நிறுத்தினேன். கைபேசியின் இணையத்தில் லேப்டாப்பை இணைத்து, வெளியாளாக நின்று 5432-ஐத் தட்டிப் பார்க்கிறேன். அது திறக்கவில்லை என்று என் கண்ணால் கண்ட பிறகே தூக்கம்.

கடவுச்சொற்களை மாற்றும்போது இன்னொரு பூதம் கிளம்பியது. டாக்கர்ஃபைலில் அடைவு முழுவதையும் நகலெடுக்கும் வரி இருந்தது, ஆனால் எதை விலக்க வேண்டும் என்று சொல்லும் டாக்கர்இக்னோர் கோப்பு இல்லை. விளைவு, இரகசியங்கள் இருந்த டாட் என்வ் கோப்பும், கிட் வரலாறும், கடைக்காரர் மாதிரிக்குக் கொடுத்த பழைய பில் படங்களும் இமேஜுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. இமேஜ் ஏன் 1.3 ஜிபி என்று அதுவரை வியந்துகொண்டிருந்தேன். அடுத்த வரியில் அழித்தால் போதாதா என்றால் போதாது. முந்தைய அடுக்கில் அது அப்படியே இருக்கும், இமேஜை வைத்திருப்பவர் எவரும் எடுத்துவிடலாம். ஆகவே டாக்கர்ஃபைலில் முதல் வரி எழுதும் முன் டாக்கர்இக்னோரை எழுதுங்கள். ஏற்கெனவே உள்ளே போன கடவுச்சொல்லை ஊருக்குத் தெரிந்ததாகவே கணக்கில் வைத்து மாற்றிவிடுங்கள்.

பேக்கப்பை அன்றிரவே போட்டேன். இரவு இரண்டு மணிக்குக் கிரான் என்ற, நேரம் பார்த்து வேலையைத் தொடங்கும் நிரல், டேட்டாபேஸ் கன்டெய்னருக்குள் போய் டம்ப் (முழு நகல்) எடுத்து, சுருக்கி, வேறு இடத்துக்கு அனுப்பும். தினமும் காலையில் கோப்பு வந்திருக்கிறதா என்று பார்த்தேன், வந்திருந்தது. நிம்மதி. ஒரு வாரம் கழித்து, திரும்ப ஏற்றிப் பார்ப்போமே என்று ஒரு கோப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஏழு கோப்பும் ஆளுக்கு 20 பைட். ஒன்றுமில்லாததை ஜிசிப் சுருக்கினால் 20 பைட் வரும் என்று அன்று கற்றேன். கன்டெய்னருக்குள் கட்டளை ஓட்டும் கம்போஸின் ‘எக்செக்’, என்னிடம் இருந்த பதிப்பில், தானாக ஒரு டெர்மினலை எதிர்பார்த்தது. கிரானுக்கு டெர்மினல் கிடையாது. கட்டளை பிழையோடு நின்றது, அதன் வெறுமையை ஜிசிப் பணிவோடு சுருக்கி வைத்தது. டெர்மினல் வேண்டாம் என்று சொல்லப் பெரிய எழுத்து ‘-டி’ (-T) சேர்க்க வேண்டும். இரண்டாம் முறையும் திருடன் வந்திருந்தால் என் கதி என்ன என்று யோசித்து அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது கோப்பின் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் எனக்கு மின்னஞ்சல் வரும். மாதம் ஒரு முறை, முதல் ஞாயிறு, வேறொரு வெற்று டேட்டாபேஸில் திரும்ப ஏற்றி ஆர்டர்களை எண்ணுகிறேன்.

மற்றவை சின்னவை, ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அரை நாள். இரண்டு மாதம் கழித்து சர்வரின் 25 ஜிபி வட்டு நிரம்பி எல்லாம் நின்றது. டாக்கர் தன் வழக்கமான அமைப்பில் கன்டெய்னர் லாகுகளை எல்லை இல்லாமல் ஒரே கோப்பில் எழுதிக்கொண்டே போகும். ஒரு கோப்புக்கு 10 எம்பி, மூன்று கோப்பு என்று வரம்பு வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்கு அது பொருந்தாது, கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினால்தான் நடைமுறைக்கு வரும். ஒவ்வொரு முறை சேவையை நிறுத்தும்போதும் சரியாகப் பத்து வினாடி இழுத்தது. தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதாமல் வெறும் வாக்கியமாக எழுதியிருந்ததால், ஷெல் நடுவில் உட்கார்ந்து ‘நின்றுகொள்’ என்ற சமிக்ஞையை என் நிரலுக்குக் கொடுக்கவில்லை, பத்தாவது வினாடியில் டாக்கர் கழுத்தைப் பிடித்து வெளியேற்றியது. போஸ்ட்கிரெஸ் இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று போட்டிருந்ததையும் மாற்றி 16 என்று எண்ணைக் குறித்தேன்; பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா அடைவைப் புதிய சர்வர் திறக்க மறுக்கும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எந்த டெம்ப்ளேட்டிலும் இருக்காது. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கி இரவெல்லாம் நடந்து செவ்வாய் வரை போகும். கடைக்காரரின் பாதி வியாபாரம் அந்த இரவில்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவர், நேற்றைய கணக்கு கூடுதலாகவும் இன்றைய கணக்கு குறைவாகவும் வருகிறது என்றார். கன்டெய்னர்களின் கடிகாரம் வழக்கமாக யுடிசி என்ற உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நள்ளிரவு தாண்டிக் காலை ஐந்தரைக்குள் எழுதிய ஆர்டர் ஒவ்வொன்றும் முந்தைய தேதியில் விழுந்தது. என் சோதனைகள் எல்லாம் பகலில் நடந்தவை, அதனால் தெரியவே இல்லை. நேரத்தை யுடிசியிலேயே, மண்டலக் குறிப்போடு சேமித்து, கணக்குக் காட்டும் இடத்தில் மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றினேன். ஆரம்பக் கட்டமைப்பிலேயே அந்த முடிவை எடுத்திருந்தால் பழைய வரிகளைத் திருத்த ஒரு நாள் செலவாகியிருக்காது.

போன மாதம் வேறொருவருக்கு இதே போன்ற சேவை ஒன்றைத் தொடங்கினேன். இரண்டு கன்டெய்னர், 70 வரிக்குள் மொத்தக் கோப்புகளும், ஒரு மதியத்தில் முடிந்தது. அன்று மாலை ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டார். வேறு ஏதோ பேசிவிட்டுக் கடைசியில், “கார்பன் புத்தகம் தீர்ந்துவிட்டது தம்பி. மறுபடி அடிக்கக் கொடுக்கட்டுமா, வேண்டாமா?” என்றார்.

“ஐம்பது அடித்து வையுங்கள் அண்ணா” என்றேன்.